அப்பாவுக்குக் கொரோனா, மிச்சமிருக்கும் மலேரியா மாத்திரை கொடுக்கலாமா?

வணக்கம் சகோதரி. இதய நோயுள்ள அப்பாவுக்குக் கொரோனா உறுதியாகியிருக்கிறது, 2020-இல் வாங்கிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையையும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் கொடுக்கச் சொல்லிச் சித்தப்பா வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். இரண்டுமே இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியவை, சேர்ந்தால் ஆபத்து கூடும்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரே சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. அது கொரோனாவுக்குப் பலிக்கிறது என்று பரபரப்பைக் கிளப்பியது 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து வந்த ஆய்வு. மருந்து எடுத்தவர்கள் 26 பேர்தான். அதிலும் 6 பேரை முடிவுக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள், ஒருவர் இறந்துவிட்டவர்! இவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால் எந்த மருந்தும் பலித்ததாகத்தான் தெரியும். 2024 டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சித்தப்பாவிடம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வைச் சொல்லுங்கள். யாருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். மருந்து பெற்ற 1,561 நோயாளிகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். ஆய்வகத்திலும், குரங்கின் சிறுநீரக செல்களில் வைரஸைத் தடுத்த மருந்து மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை.

இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தருவதானால் அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். அது சில இதய மருந்துகளோடு ஒத்துப்போகாது, ஆகவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். பழைய மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.