சுவிசேஷத்தின் இரகசியம்: கேட்டவையும் சொன்னவையும்

ஐயா, சுவிசேஷத்தை ஊரறியப் பிரசங்கிக்கிறோம். பவுல் அதை ஏன் "இரகசியம்" என்கிறார்? மனித புத்திக்கு எட்டாது என்பதாலா?

அதனால் அல்ல. ரோமர் 16:25-26, எபேசியர் 3, கொலோசெயர் 1:26 மூன்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள். "மறைந்திருந்தது" என்று சொன்ன கையோடு "இப்போது வெளியாயிற்று" என்றும் சொல்லிவிடுகிறார். தேவன் தம் மனதில் வைத்திருந்த திட்டம் அது. அவராகச் சொல்லாவிட்டால் யாராலும் ஊகித்திருக்க முடியாது. தானியேல் 2-இல் ராஜாவின் சொப்பனத்தைச் சொல்ல பாபிலோனின் ஞானிகளால் முடியவில்லை. சொல்ல முடிந்த தானியேலோ, இது தனக்குத் தெரிந்தது மற்றவர்களைவிட ஞானம் அதிகம் என்பதால் அல்ல என்று முதலிலேயே ராஜாவிடம் சொல்லிவிடுகிறான் (2:30). பவுலும் அந்தப் பரம்பரைதான்.

அந்த இரகசியம்தான் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

கிறிஸ்து. அவருக்குள் யூதரல்லாத புறஜாதியாரும் உடன்சுதந்தரர், ஒரே சரீரம், வாக்குத்தத்தத்தில் உடன்பங்காளிகள் (எபேசியர் 3:6).

ஒரு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை. எருசலேம் தேவாலயத்தின் வெளிப்பிராகாரம் வரை புறஜாதியார் வரலாம். அதைத் தாண்டிப் போகாதபடி மூன்று முழ உயரத்தில் ஒரு கல் தடுப்பு இருந்தது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜொசீபஸ்) எழுதியிருக்கிறார். அந்நியன் யாரும் உள்ளே நுழையக்கூடாது, பிடிபட்டால் வரும் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் செதுக்கிய பலகைகள் அதில் இருந்தன. அவற்றில் ஒன்றை 1871-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கானோ கண்டெடுத்தார். இன்று அது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த இன்னொரு துண்டு 1935-இல் கிடைத்தது.

இப்போது அப்போஸ்தலர் 21-ஐத் திறவுங்கள். எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுல் உள்ளே கூட்டிவந்துவிட்டார் என்று நினைத்துத்தான் ஜனங்கள் அவரை அடிக்கிறார்கள், அவர் கைதியாகிறார். எபேசியர் நிருபத்திலோ "பிரிவினையாகிய நடுச்சுவர்" தகர்ந்தது என்கிறார் (2:14), அடுத்த அதிகாரத்தில் "புறஜாதியாராகிய உங்களுக்காகக் கட்டுண்டவன்" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவர் மனதில் இருந்தது இந்தக் கல் தடுப்பா, நியாயப்பிரமாணமா என்று உரையாசிரியர்கள் தர்க்கிப்பார்கள். தர்க்கிக்கட்டும். எனக்கு அந்தப் பலகையை மறந்துவிட்டு இந்த வசனத்தை வாசிக்க வருவதில்லை.

ஆபிரகாமுக்குள் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்று ஆதியாகமம் 12-லேயே இருக்கிறதே. ஏசாயா 49:6-இலும் ஜாதிகளுக்கு ஒளி என்று இருக்கிறது. பிறகு எப்படி மறைந்திருந்தது என்கிறார்?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான், சகோதரி. பவுலே கலாத்தியர் 3:8-இல் சுவிசேஷம் ஆபிரகாமுக்கு முன்னறிவிக்கப்பட்டது என்கிறார். ரோமர் 16:26-இல் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களாலேயே அது அறிவிக்கப்படுகிறது என்கிறார். ஜாதிகளுக்கு ஆசீர்வாதம் உண்டு என்பது எழுதப்பட்டே இருந்தது. அவர்கள் விருத்தசேதனம் இல்லாமல், யூதராக மாறாமல், வந்தேறிகளாக ஓர் ஓரத்தில் நிற்காமல், சிலுவையில் அறையப்பட்ட மேசியாவுக்குள் சம பங்காளிகளாவார்கள் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பேதுருவுக்கே புறஜாதியானான கொர்நேலியுவின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க ஒரு தரிசனம் தேவைப்பட்டது (அப்போஸ்தலர் 10). அதற்குப் பிறகும் 15-ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கம் கூடி வாதாடித்தான் முடிவுக்கு வந்தார்கள். எழுத்து கண்முன் இருந்தும் கண் திறக்கப்பட வேண்டியிருந்தது. லூக்கா 24:45-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

எபேசியர் நிருபம் பவுல் எழுதியதே இல்லை என்கிறார்களே?

தர்க்கம் உண்டு. 1 கொரிந்தியர் பவுலுடையது என்பதில் தர்க்கம் இல்லை. மறைந்திருந்த ஞானத்தைத் தேவன் ஆவியினால் வெளிப்படுத்தினார் என்பது அங்கேயும் இருக்கிறது (2:7-10). அடுத்தது.

ஒரு ஊழியர், வேதத்துக்குள் மறைந்திருக்கும் ஆழ்ந்த இரகசியத்தைக் கர்த்தர் தனக்கு மட்டும் காட்டியதாகச் சொல்கிறார். போய்க் கேட்கலாமா?

"எனக்கு மட்டும்" என்ற பேச்சு வந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஞானவாதிகள் செய்ததும் இதே வியாபாரம்தான்: சாதாரண விசுவாசிக்குச் சுவிசேஷம், எங்களைப் போன்ற தேறினவர்களுக்குத் தனி உபதேசம். ஏறக்குறைய 180-இல் லியோன் நகரின் ஆயர் ஐரேனியு அவர்களைக் கேட்டது எளிய கேள்வி. அப்போஸ்தலர்களிடம் அப்படி ஒரு தனி உபதேசம் இருந்திருந்தால், தங்கள் சபைகளையே ஒப்படைத்த ஆட்களிடம் அதைச் சொல்லாமலா போயிருப்பார்கள்? 1945-இல் எகிப்தின் நாக் அம்மாதியில் அந்தக் கூட்டத்தாருடைய சுவடிகளே கிடைத்தன. "இவை இரகசிய வார்த்தைகள்" என்றே அவற்றில் ஒன்று தொடங்குகிறது. பவுலோ, சுவிசேஷத்தின் இரகசியத்தைத் தைரியமாக அறிவிக்க ஜெபியுங்கள் என்கிறார் (எபேசியர் 6:19).

ஆனால் அவர் நிறைய உபவாசம் இருப்பவர், ஐயா.

உபவாசம் நல்லது. பதில் மேலே.

அப்போஸ்தலர் 16:14-இல் லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார் என்று இருக்கிறது. என் அப்பா எத்தனையோ பிரசங்கம் கேட்டார். அவருக்கு ஏன் திறக்கவில்லை?

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? லீதியாளின் வரலாற்றில் எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: பவுல் பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், திறந்தவர் கர்த்தர். மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் நடந்தன.

(வேறொருவர்) தவறு. வெளிப்படுத்தல் 3:20-இல் அவர் வாசற்படியில் நின்று தட்டுகிறார். திறக்க வேண்டியவன் மனிதன்.

யாருக்கு எழுதியது என்று பாருங்கள் என்று எத்தனை தரம் சொல்வது! அது லவோதிக்கேயா சபைக்கு எழுதிய கடிதம். தட்டுவது ஏற்கெனவே சபை என்று பெயர்பெற்ற வீட்டின் கதவை.

(அவரே) அப்படியானால் மனிதன் வெறும் பொம்மையா?

இந்த வழக்கு பழையது. பெலாகியு என்ற துறவி மனிதச் சித்தமே போதும் என்ற பக்கம் சாய்ந்தார், 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய சபைச் சங்கம் அதை நிராகரித்தது. விசுவாசத்தின் முதல் அடியும் கிருபைதான் என்று 529-இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் சொன்னது. 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் சங்கத்தில், கல்வின் வழியினரும் அர்மீனியு என்ற டச்சுப் போதகரின் வழியினரும் மறுபடி மோதினார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டோர்ட் கண்டித்த அர்மீனியு வழியினரே, கிருபையில்லாமல் மனிதனால் நன்மையொன்றும் நினைக்கவும் முடியாது என்று 1610-இல் எழுதிக் கொடுத்தவர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் மனிதனுக்கு முன்னே செல்லும் கிருபையைத்தான் பேசினார். கிருபையை மனிதன் எதிர்க்க முடியுமா என்பதில்தான் சண்டை. சொந்த சாமர்த்தியத்தால் எவனும் கண்டுபிடிப்பதில்லை என்பதில் இரு தரப்பும் ஒரே பக்கம். நான் ஆரஞ்சு பக்கம், அதற்கு மேல் போக எனக்கு அவசரமில்லை. ரோமர் 9 முதல் 11 வரை இதையே வாதாடிய பவுலும் கடைசியில் துதியில்தான் போய் முடிக்கிறார்.

(அவரே) நீங்கள் நழுவுகிறீர்கள்.

சரி, நழுவுகிறேன். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

666 என்பதும் ஒரு இரகசியம்தானே?

அது வேறு பாடம். இங்கே வேண்டாம்.

படிக்காத ஒருவரால் இதை விளங்கிக்கொள்ள முடியுமா?

மத்தேயு 11:25. ஞானிகளுக்கு மறைத்து, பாலகருக்கு வெளிப்படுத்தினார் என்று இயேசு பிதாவைத் துதிக்கிறார். சந்தேகம் எங்களைப் போன்ற படித்தவர்களைப் பற்றித்தான் வர வேண்டும்.

கர்த்தர் தனக்கு மட்டும் காட்டினார் என்று எங்கள் பக்கத்திலும் ஒருவர்...

மேலே. மறுபடியும் மேலே.

ஞாயிறு பிரசங்கத்துக்கு மூன்று குறிப்புகள் தருவீர்களா, ஐயா?

எபேசியர் 2:11 முதல் 3:13 வரை சத்தமாக, நிறுத்தாமல் வாசியுங்கள். பிறகு அப்போஸ்தலர் 21. குறிப்பை நீங்களே எழுதுங்கள்.