சிங்கமீன் ஏன் சாப்பிட மறுக்கிறது? கடல்மீன் தொட்டி கேள்வி-பதில்

செங்காங் வாசகர்: குட்டை இனச் சிங்கமீன் வாங்கி 5 நாளாகிறது. உறைந்த இறாலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பசி இல்லாமல் இல்லை. அசையாததை அது இரையாகவே நினைப்பதில்லை. முதலில் உயிருள்ள சிறு இறால் கொடுத்துச் சாப்பிட வையுங்கள். பிறகு உறைந்த இறாலைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு கிண்ணத்தில் இளகவிட்டு, மீனின் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்துக்கு நறுக்குங்கள். மழுங்கிய அக்ரிலிக் குச்சியின் நுனியில் லேசாகச் செருகி, முகத்திலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, இறால் பின்வாங்குவதுபோல் விட்டுவிட்டு இழுங்கள். சாத்தே குச்சி வேண்டவே வேண்டாம், வாயைக் கிழித்துவிடும். மீன் துடுப்புகளை விரித்துத் தலையைத் தாழ்த்தினால் பாயப்போகிறது. குச்சியை அப்படியே நிறுத்துங்கள். விளக்கு மங்கும் நேரமே இதற்கு ஏற்றது. 10 நிமிடத்தில் தொடாததை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அம்மோனியா ஏறும்.

கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். நச்சுள்ள முதுகு முள் குத்தினால் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத, தாங்கக்கூடிய வெந்நீரில் காயத்தை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

ஈசூன் வாசகர்: தங்கமீன் குஞ்சுகள் மலிவு. அவற்றையே போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். தங்கமீனில் உள்ள தையமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது. நன்னீர் மீனின் கொழுப்பும் கடல்மீனுக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் கொடுத்தால் ஈரலில் படியும். மீன் கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஒருநாள் சாய்ந்து நீந்தத் தொடங்கும்போதுதான் தெரியவரும். நெத்திலியிலும் இந்த நொதி உண்டு, உறைய வைத்தாலும் அழியாது. தேக்கா ஈரச்சந்தையில் இறால், கணவாய், கடல்மீன் துண்டு என்று மாற்றி மாற்றி வாங்குங்கள். உப்பு சேர்த்தது கூடாது. வாரம் ஒருமுறை பி1 கலந்த வைட்டமின் சொட்டில் ஊறவைத்துக் கொடுங்கள்.

தவளைமீன் எப்போதும் வாய் திறக்கிறது. தினமும் தீனி போடலாமா?

வாரம் இருமுறை போதும். அது நெற்றித் தூண்டிலை ஆட்டி இரையை வரவழைத்து, கண் இமைப்பதற்குள் உறிஞ்சிவிடும். தன் நீளத்துக்குச் சமமான மீனைக்கூட விழுங்கும். பெரிய இரை செரிப்பதற்குள் வயிற்றிலேயே அழுகக்கூடும். அதனால் தொட்டித் துணையாக எந்தச் சிறுமீனும் வேண்டாம்.

ஹாக்ஃபிஷ் உள்ள தொட்டியில், மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறாலை விடலாமா?

ஹாக்ஃபிஷ் இறாலை வேட்டையாடும் மீன். சிறிய இறாலை விடாதீர்கள். பெரியதும் தோலுரிக்கும் நாளில் மெத்தென்று இருக்கும், அன்று தப்புவது கடினம்.

தீபாவளிக்கு 8 நாள் ஊருக்குப் போகிறோம்.

நன்றாகச் சாப்பிட்டுவரும் வளர்ந்த சிங்கமீன் தாங்கும். கிளம்புமுன் கூடுதலாகத் திணிக்காதீர்கள். 2 நாள் முன்பு வழக்கமான அளவு போதும். டாட்டிபேக் போன்ற சுறுசுறுப்பான சிறுமீனுக்குத் தினமும் தீனி வேண்டும். அதற்குத் தானியங்கித் தீனிக்கருவியில் குருணைத் தீனி வையுங்கள், ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள்.