யூனியன் இருக்கிற கம்பெனியா, இல்லாத கம்பெனியா? பைலட் ஆக விரும்பும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள். ப்ளஸ் டூ படிக்கும் மகள் பைலட் ஆகியே தீருவேன் என்கிறாள், எல்லாம் சேர்த்து ஒரு கோடியைத் தொடும் என்கிறார்கள், போடலாமா? 2025 டிசம்பரில் ஏர்போர்ட்டில் ஜனங்கள் பெட்டிமேல் தலை வைத்துப் படுத்துக்கிடந்ததை டி.வி.யில் பார்த்தேன், இப்படி பைலட்டுகள் ஸ்டிரைக் செய்தால் வேலை நிலைக்குமா? கடைசியாக, யூனியன் இருக்கிற கம்பெனியில் சேர்ப்பது நல்லதா, இல்லாத கம்பெனியிலா?

முதல் கேள்வியை என்னிடம் எல்லாரும் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்டது நீங்கள்தான். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை நடத்தும் வீடு என்று எழுதியிருந்தீர்கள். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு எப்படி நடக்கும் என்பதை மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள். அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த டிசம்பர் விஷயம். அது ஸ்டிரைக்கே இல்லை. பைலட்டுகளின் வேலை நேரம், ஓய்வு நேரம் பற்றிய விதிகளை, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் திருத்தியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்று கணக்கிடும் நேரம் விடிகாலை 5 மணியிலிருந்து 6 வரை நீண்டது. இரவு வேலையில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. கம்பெனிகள் அவகாசம் கேட்டன, தேதி தள்ளிப்போனது, பைலட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நின்றன. கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்குத் தேவையான ஆள் கணக்கை இண்டிகோ சரியாகப் போடவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. பிறகு இரவு வேலை விதிகளில் அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. பைலட் சங்கங்கள் அந்த விலக்கை எதிர்த்தன. திட்டு மட்டும் பைலட்டுகளுக்கும் கவுண்டரில் நின்ற பிள்ளைகளுக்கும் விழுந்தது.

சரி, நிஜமான ஸ்டிரைக்குக்கு வருவோம். விமானப் போக்குவரத்தைத் தொழில் தகராறு சட்டம் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று வைத்திருந்தது. முன்கூட்டி நோட்டீஸ் தராமலோ, சமரசப் பேச்சு நடக்கும்போதோ வேலையை நிறுத்தினால் சட்டவிரோதம். அதனால் நம் ஊர் பைலட்டுகள் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸில் அதுதான் நடந்தது. பைலட்டுகள் சங்கம் தொடங்கினார்கள், முன்னால் நின்றவர்களைக் கம்பெனி நீக்கியது, நூற்றுக்கணக்கானவர்கள் ‘சிக்’ சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஐந்து நாளில், நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று நிர்வாகம் இறங்கிவந்தது. பைலட்டைப் பயிற்சி கொடுத்து உருவாக்கப் பல மாதம் ஆகும், அவசரத்துக்கு வெளியிலிருந்து ஆள் பிடிக்க முடியாது. சங்கத்துக்குப் பலம் இருக்கிறதென்றால் அது இதில்தான்.

இதைக் கேட்டுவிட்டு யூனியன் என்றாலே காவல் தெய்வம் என்று நினைத்துவிடாதீர்கள். 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். இரண்டு பக்கமும் தனித்தனிச் சங்கம், தனித்தனி சீனியாரிட்டி, தனித்தனிச் சம்பளக் கணக்கு. சம்பளச் சமன்பாடு கேட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்துச் சங்கம் 2011-ல் வேலையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு, வரப்போகும் போயிங் 787-ஐ ஓட்டும் பயிற்சியில் அவர்களுக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்று ஏர் இந்தியா பக்கத்துச் சங்கம் 58 நாள் நிறுத்தியது. நூறு பேர் வரை வேலை நீக்கம். சண்டை யாருக்கும் யாருக்கும் என்று பாருங்கள்: பைலட்டுக்கும் பைலட்டுக்கும். அந்த விமானம் அப்போது கம்பெனியின் கைக்கு வந்துசேரக்கூட இல்லை. எனக்கு இன்றும் இது பிள்ளை பிறக்குமுன் பெயருக்கு அடித்துக்கொண்ட கதையாகத்தான் படுகிறது. ஆனால் அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். பைலட்டுக்கு சீனியாரிட்டி பட்டியல்தான் நிலப்பத்திரம் மாதிரி. எந்த விமானம், எப்போது கேப்டன், எந்த ஊர் பேஸ், பொங்கலுக்கு லீவு கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த வரிசை எண் இருக்கிறது.

டல்லாஸில் இருக்கும் உங்கள் தம்பி ‘இங்கே பைலட் யூனியன் ரொம்ப பவர்’ என்றாராம். உண்மைதான். அங்கே 1931-லிருந்து பைலட் சங்கம் இருக்கிறது. 2023-ல் டெல்டா பைலட்டுகள் நான்கு ஆண்டுகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தில் சம்பளம் 34 சதவீதம் ஏறியது. அந்த ஊரிலும் கம்பெனி மாறினால் பட்டியலின் கடைசியில் போய் நிற்க வேண்டும், அனுபவம் எவ்வளவு இருந்தாலும். தவிர, உங்கள் மகள் அங்கே பயிற்சி எடுக்கலாம், ஆனால் அங்கே வேலை பார்க்கும் உரிமை என்பது வேறு கதை. திரும்பி வந்து இங்கே தேர்வெழுதி லைசென்ஸை மாற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடப்பது. தம்பி சொன்ன அந்தப் பவர் இங்கே துணைக்கு வராது.

இங்கே நிலைமை என்ன? இண்டிகோவில் அங்கீகாரம் பெற்ற பைலட் சங்கம் கிடையாது. 2023-ல் டாடாவின் ஏர் இந்தியா புதிய சம்பள ஒப்பந்தம் கொடுத்தபோது, கையெழுத்துப் போடாதீர்கள் என்று பழைய இரண்டு சங்கங்களும் சொல்லிப் பார்த்தன. கம்பெனி ஒவ்வொரு பைலட்டுக்கும் தனித்தனியாக ஒப்பந்தத்தை அனுப்பியது. வீட்டில் கடன் இருப்பவர் எத்தனை நாள் பேனாவை மூடி வைத்திருப்பார்? ஆகவே ‘யூனியன் இருக்கிற கம்பெனி’ என்று தேடுவதற்கு இங்கே பெரிய கடைத்தெரு இல்லை. உங்கள் மகள் தனியாளாகத்தான் கையெழுத்துப் போடுவாள். எதில் போடுகிறாள் என்று தெரிந்து போட வேண்டும், நான் இத்தனை நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை பைலட், தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். போனில் ரோஸ்டரை, அதாவது வேலை அட்டவணையை, காட்டினான். செவ்வாய் 02:10-க்கு ரிப்போர்ட்டிங். ‘அதுக்கு எத்தனை மணிக்குத் தூங்கணும் சார் சொல்லுங்க’ என்றான். திங்கள் மாலை 5 மணிக்கு, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துக் கொடுத்ததே அவன் அம்மாதானாம். அப்புறம் சம்பளச் சீட்டைக் காட்டினான். அதில் நான் பார்க்கச் சொல்வது மொத்தத் தொகையை அல்ல, ‘உறுதியளிக்கப்பட்ட மணி நேரம்’ என்ற வரியை. மாதம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குக் காசு உண்டு என்பது அது. 2024-ல் விஸ்தாரா அந்த எண்ணை 70-லிருந்து 40 ஆக்கியபோதுதான் அங்கே பைலட்டுகளுக்கு ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போய், ஏப்ரலில் விமானங்கள் ரத்தாயின. விளம்பரத்தில் வரும் சம்பளம் முழு மாதமும் பறந்தால் வருவது. இ.எம்.ஐ.யை அந்த உறுதி மணிக் கணக்கில் போட்டுப் பாருங்கள், தாங்கினால் மேலே பேசலாம்.

அடுத்தது பாண்டும் நோட்டீஸும். பயிற்சிச் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது பாண்டு. நோட்டீஸ் வேறு. 2017 முதல் டி.ஜி.சி.ஏ. விதிப்படி கேப்டன் வேலையை விட ஓராண்டு முன்னால் சொல்ல வேண்டும், துணை பைலட் ஆறு மாதம். 2023-ல் நோட்டீஸ் காலம் முடிக்காமல் நாற்பதுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் போய்விட்டார்கள் என்று ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை சென்றது. பைலட் ஓராண்டுக்கு முன் சொல்ல வேண்டும். கம்பெனி படுக்கும்போது அப்படிச் சொல்வதில்லை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, பல மாதச் சம்பளப் பாக்கியோடு. ஜெட் 2019 ஏப்ரல் 17 இரவு கடைசியாகப் பறந்தது. 2009-ல் நிர்வாகத்தை இறங்கிவர வைத்த அந்தச் சங்கத்தால் சம்பளப் பாக்கியை வாங்க முடியவில்லை, காலியான கல்லாவிடம் யார் பேரம் பேசுவது? நம் சென்னையிலிருந்து 2005-ல் கிளம்பி, மதுரைக்கும் கோவைக்கும் பறந்த பாரமவுண்ட் ஏர்வேஸும் 2010-ல் ஓய்ந்துபோனது.

அப்படியானால் சங்கத்தில் சேரவே வேண்டாமா? சேரட்டும் என்றுதான் சொல்வேன். தூக்க விதிகளுக்காக நீதிமன்றத்தில் நின்றது எந்தத் தனி பைலட்டாலும் முடிகிற காரியமல்ல. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, இறந்துபோன கேப்டன் மேல் பழி திரும்பியபோது, அவருடைய வயதான தந்தையோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்திய பைலட்டுகள் கூட்டமைப்பு. இந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை என்று நவம்பரில் நீதிபதிகள் அந்தப் பெரியவரிடம் சொன்னார்கள். ‘களைப்பாக இருக்கிறது, இந்த ஃப்ளைட்டை எடுக்க மாட்டேன்’ என்று இருபத்தைந்து வயதுப் பிள்ளை சொல்ல வேண்டிய நாள் வரும். விதி அதற்கு இடம் தருகிறது. சொன்ன மறுநாள் மேலாளர் அறையில் அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதுதான் விஷயம்.

வெற்றி பெற்ற பைலட் என்று யாரைச் சொல்வது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னிடம் படித்தவர்களில் சீக்கிரமே தோளில் நான்கு பட்டை வாங்கி கேப்டன் ஆன ஒருவர் இருக்கிறார். மூன்று கம்பெனி மாறினார், நல்ல சம்பளம், இப்போது முதுகுவலியில் மெடிக்கல் நிறுத்திவைக்கப்பட்டு வீட்டில் இருக்கிறார். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு எடுக்கவில்லை. இன்னொரு பெண் ஒரே கம்பெனியில் பொறுமையாக இருந்து தாமதமாகத்தான் கேப்டன் ஆனாள். ரோஸ்டர் எப்படி இருந்தாலும் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள், விதிப் புத்தகத்தை அவளைவிட நன்றாக யாரும் படித்ததில்லை என்று அவள் பேட்சில் சொல்வார்கள். முதலாமவரைத்தான் கோச்சிங் சென்டர்கள் போஸ்டரில் போடுகின்றன. எனக்கு இரண்டாமவளிடம்தான் மதிப்பு. 65 வயது வரை பறக்கலாம் என்று விதி சொல்கிறது. அந்தத் தூரத்தை ஓட வேகம் மட்டும் போதாது.

இப்போது செய்ய வேண்டியது. எந்த ஃப்ளையிங் ஸ்கூலுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். முதலில் டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல், பிறகு பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிறுவனமான ஐ.ஏ.எம். போன்ற மையத்தில் முதல் வகுப்பு மெடிக்கல். கண்ணோ காதோ இதயமோ சிக்கல் சொன்னால் செலவு சில ஆயிரத்தோடு நிற்கும், கோடியில் போகாது. கணக்கும் இயற்பியலும் ப்ளஸ் டூவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். கேடட் திட்டத்தில், அதாவது விமானக் கம்பெனியோடு இணைந்த பயிற்சித் திட்டத்தில், சேர்க்கிறோம் என்று யாராவது வந்தால் நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: பாண்டு ஒப்பந்தம், வேலை நிச்சயமா அல்லது ‘வாய்ப்பு’ மட்டுமா என்று சொல்லும் பக்கம், உறுதி மணி நேரம், பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பது. ‘வாய்ப்பு’ என்ற சொல் இருந்தால் அதன் கீழே பென்சிலால் கோடு போடுங்கள்.

அந்தத் தாள்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மகளும் கூட வரட்டும். உங்களுக்கு முன்னால் அவள் ஒருமுறை முழுதாகப் படித்திருக்க வேண்டும், புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.