டிப்ளமா முடிக்கப் போகிறேன்: அடுத்து டிகிரி, பி.எட்.டா, இல்லை டெட் தேர்வா?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன், இப்போது இரண்டாம் ஆண்டு. 'வெறும் டிப்ளமாவை வைத்து என்ன செய்வாய், டிகிரி முடித்து பி.எட். போ' என்கிறார்கள் வீட்டில். எனக்குச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்க ஆசை. அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போகிறேன். மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருக்குமாம். பயமாக இருக்கிறது.

பதில்: சின்னப் பிள்ளைகள்தான் வேண்டும் என்றால் உங்கள் கையில் இருப்பதுதான் சரியான படிப்பு. பி.எட். படித்தவர்களைத் தொடக்க வகுப்புகளுக்கு நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள், பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும். டிகிரி பின்னால் பதவி உயர்வுக்கு உதவும். அதை அஞ்சல் வழியில் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த அறைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் வேலையே அதுதான். நம் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறார், நீங்கள் பணியில் சேரும் பள்ளியும் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது ஒன்று: சத்தம் போடுவது ஒன்றாம் வகுப்பு என்பதால் நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள், அதற்குள் மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக ஊரையே பார்த்து முடித்திருக்கும். மாற்றிச் செய்யுங்கள். பெரியவர்களுக்குத் தனியாகச் செய்யக்கூடிய எழுத்து வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது புரிந்ததா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, அப்புறம் சின்னவர்களிடம் போய் கையோடு கை வைத்து எழுதவையுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளையின் வகுப்பை வைத்து அல்ல, அதன் கற்றல் நிலையை வைத்து. அந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்று வகுப்பு என்பதே அவ்வளவு மிரட்டாது. பாடத்திட்ட நோட்டை அழகாக எழுதுவதில் இரவெல்லாம் உட்காராதீர்கள். அங்கே இருக்கிற டீச்சர் 'டீச்சர், ஒன்னுக்கு!' என்று வரிசையாக வரும் பிள்ளைகளையும் சமாளித்துக்கொண்டு எப்படிப் பாடத்தை விடாமல் கொண்டுபோகிறார் என்று பாருங்கள், அது எந்த ரெக்கார்டிலும் வராது.

தேர்வுக்கு வருவோம். டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தொடக்க வகுப்புகளுக்கான முதல் தாள் 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஐந்துக்கும் தலா 30. தவறான விடைக்கு மைனஸ் இல்லை, அதனால் எதையும் விடாமல் நிரப்புங்கள். பொதுப் பிரிவுக்கு 90 தேவை. மற்ற பிரிவுகளுக்குச் சலுகை உண்டு, அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். கைடு புத்தகங்களைக் குவிப்பதற்கு முன் சமச்சீர் பாடப் புத்தகங்களை ஒரு முறை வரி விடாமல் படியுங்கள். குழந்தை மேம்பாட்டுக்கு உங்கள் டிப்ளமா பாடமே பாதி வேலையை முடித்துவிடும், மறக்கும் முன் எழுதுங்கள் என்று சொல்வதும் அதனால்தான்.

ஆனால் அரசுப் பள்ளிக்கு டெட் நுழைவுச் சீட்டுதான், வேலை உத்தரவு இல்லை. டெட் முடித்தவர்களுக்குத் தனியாகப் போட்டித் தேர்வு வைக்க வேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது, இடைநிலை ஆசிரியர்களுக்கு (தொடக்க வகுப்பு எடுப்பவர்களின் பதவிப் பெயர் இதுதான்) அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. இடையில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் போட்டித் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி மதிப்பெண் கணக்கிலேயே வராது, 'தமிழ்தானே' என்று அலட்சியம் வேண்டாம். அறிவிப்பு வரும்வரை தனியார் பள்ளியில் தொடக்க வகுப்பு எடுங்கள், சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கை பழகும்.

கடைசியாக, பள்ளியிலிருந்து டிப்ளமா வரை தமிழ் வழியில் படித்திருந்தால் அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான தமிழ் வழிச் சான்றிதழை நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், பயிற்சி நிறுவனத்திலும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், விண்ணப்பிக்கும் வாரத்தில் தலைமையாசிரியர் லீவில் இருப்பார்.