கண்காணிப்பவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

கேள்வி: அணு உலையைக் கட்டியவர்களுக்குத்தானே அதைப் பற்றி முழுதும் தெரியும்? அவர்களை நம்பாமல் கண்காணிக்கத் தனிச் சட்டம், தனி ஆணையம் எல்லாம் எதற்கு?

பதில்: 'நம்பாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அணு உலை பற்றிக் கேள்வி கேட்பவரை எல்லாம் அறிவியலின் எதிரி என்று எழுதும் வாசகர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குப் பழைய வழக்கு உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: உலைக்குள் நடக்கும் அறிவியலில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்தவர்கள் தெரிந்ததை நேரத்தில் வெளியே சொல்வார்களா என்பதில்தான் சந்தேகம்.

ஜப்பானைப் பாருங்கள். புகுஷிமா அணு மின் நிலையத்துக்கு வரக்கூடிய ஆழிப்பேரலையின் உயரம் 5.7 மீட்டர் என்றுதான் வைத்திருந்தார்கள். 2008-ல் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமே உள்ளுக்குள் போட்டுப் பார்த்த கணக்கில் 15.7 மீட்டர் வந்தது. அந்தக் கணக்கு அரசின் அணு உலைக் கண்காணிப்பு அமைப்பின் கைக்குப் போனது 2011 மார்ச் 7. அலை வந்தது மார்ச் 11. கட்டியவர்களுக்குத் தெரியும் என்கிறீர்களே, தெரிந்துதான் இருந்தது!

சரி, அந்தக் கண்காணிப்பு அமைப்பு யாருக்குக் கீழே இருந்தது? அணு மின்சாரத்தை வளர்க்கும் வேலையைச் செய்த அதே பொருளாதார, வணிக அமைச்சகத்துக்குக் கீழே. அதற்கும் முன்னால் நடந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. டெப்கோ உலைகளில் கண்ட விரிசல்களை மறைக்கிறார்கள் என்று 2000-ல் ஓர் ஆய்வுப் பொறியாளர் அரசுக்கு எழுதினார். விசாரிக்க வேண்டிய அதிகாரிகளே எழுதியவர் யார் என்பதை நிறுவனத்திடம் சொல்லிவிட்டார்கள். விஷயம் ஊருக்குத் தெரிய 2002 ஆயிற்று. புகுஷிமாவுக்குப் பிறகு, 2012-ல்தான் பழைய அமைப்பைக் கலைத்துப் புது ஆணையம் அமைத்தார்கள்.

அமெரிக்காவில் வளர்ப்பவரையும் கண்காணிப்பவரையும் பிரிக்கும் வேலை 1974 சட்டத்திலேயே நடந்துவிட்டது. அதுவரை அணுசக்தியை வளர்த்ததும் ஒழுங்குபடுத்தியதும் ஒரே ஆணையம். ஒழுங்குபடுத்த மட்டும் அமைத்த புது ஆணையத்தில் ஐந்து பேர், ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அப்படியும் 2025 ஜூனில் ஓர் உறுப்பினரைப் பதவிக்காலம் முடியுமுன்பே அதிபர் நீக்கினார். ஆகவே சட்டம் வந்துவிட்டது என்று யாரும் தூங்கப் போக முடியாது.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-ல் ஓர் அரசாணையால் பிறந்தது. அணு மின்சாரத்தை வளர்க்கும் அணுசக்தித் துறையின் செயலாளரே தலைவராக இருக்கும் அணுசக்தி ஆணையத்திடம்தான் அது அறிக்கை கொடுத்து வந்தது. அதற்குப் பதிலாகச் சட்டப்படி ஓர் அமைப்பை உருவாக்க 2011-ல் கொண்டுவந்த மசோதா 2014-ல் மக்களவையோடு காலாவதியானது. 2012-லேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து இல்லாத இந்தக் குறையைக் குத்திக் காட்டியிருந்தார். 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் வாரியத் தலைவரைப் பரிந்துரைக்கும் தேர்வுக் குழுவை அமைப்பது மறுபடியும் அதே அணுசக்தி ஆணையம். அது மாற வேண்டும்.

அப்புறம், என் பழைய கோரிக்கை. ஆய்வறிக்கைகள் முழுதாக, நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் மொழியில் வெளிவர வேண்டும். அணைகளுக்கும் பாலங்களுக்கும் மருந்து ஆலைகளுக்கும் இதையே பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்பதை நிறுத்தப் போவதில்லை.