நிலாவாரை இலை காய்ந்ததும் கறுத்துப்போவது ஏன்?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசலில், மானாவாரியாக, பேதி மருந்துக்கு இலை தரும் நிலாவாரைச் செடி போட்டிருக்கிறேன். ஐப்பசி விதைப்பு. மார்கழிக் கடைசியில் முதல் பறிப்பு எடுத்தேன். செடி செழிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்த இலை கறுத்துவிட்டது என்று வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். உரம் போதவில்லையா? அடுத்த பறிப்பையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்: செடி செழிப்பாக இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் உரத்தைக் குறை சொல்வானேன்? கோளாறு பெரும்பாலும் களத்தில்தான் நடந்திருக்கும். ஐப்பசியில் விதைத்தால் முதல் பறிப்பு, அதாவது சுமார் 60ஆம் நாள், மழையும் பனியுமான மார்கழியில் வந்து விழும். விடியற்காலையில் ஆள் விட்டு, பனி ஈரத்தோடு உருவிச் சாக்கில் அமுக்கி, வண்டி வரும்வரை குவித்து வைத்தால் இலை உள்ளுக்குள்ளேயே வெந்துவிடும். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று சுடும். அப்படிச் சூடேறிய இலையை அதன்பின் எவ்வளவு பக்குவமாகக் காயவைத்தாலும் பச்சை திரும்பாது.

இரண்டாவது பறிப்பு 90ஆம் நாள் வாக்கில் வரும். மழை இல்லாத நாளாகப் பார்த்து, வெயில் ஏறி இலையில் பனி வற்றிய பிறகு ஆள் இறக்குங்கள். நீலம் ஓடிய பச்சையில் தடித்த இலைதான் பக்குவம். பறித்த அன்றே நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லிசாகப் பரப்பி, தினமும் கிளறி விடுங்கள். உச்சி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நிறம் வெளுத்துவிடும். நிழலில் 7 முதல் 10 நாளில் மஞ்சள் கலந்த பச்சைக்கு வந்து, கசக்கினால் நொறுங்கும். அதன்பிறகுதான் சாக்கு. காம்பு, குச்சி, மண்ணை அதற்கு முன்பே சலித்து எடுத்துவிடுங்கள்.

இந்த இலைக்கு விலையே அதிலுள்ள சென்னோசைடு என்ற பேதிச் சத்துக்குத்தான். மலச்சிக்கல் மருந்துக்காக ‘திருநெல்வேலி சென்னா’ என்ற பெயரில் தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறும் சரக்கு இது. செடி பூப்பிலும் காய்ப்பிலும் இறங்கினால் இலை வரத்து குறையும். எனவே முதலில் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். கடைசிப் பறிப்புக்குப் பிறகு காய்க்க விட்டு, நெற்று மஞ்சளாகும்போது எடுத்தால் அதற்கும் விலை உண்டு.

பச்சைப் புழு இலையைக் கடித்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். மருந்துக்குப் போகும் இலை என்பதால் பறிப்பு நெருங்கும்போது ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். நஞ்சு எச்சம் தெரிந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும்.

மானாவாரியில் எல்லாப் பறிப்பும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ காய்ந்த இலை நல்ல மகசூல்தான். கறுத்த இலையை நல்ல இலையோடு கலந்து தள்ளிவிட நினைக்காதீர்கள், வியாபாரி மொத்தத்துக்கும் கறுப்பு விலைதான் போடுவார்.