பட்டாளத்தார் வீடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பேரையூர் பக்கம். எங்கள் வீட்டைப் பட்டாளத்தார் வீடு என்றால்தான் ஊரில் தெரியும். தாத்தாவின் அப்பா முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய்த் திரும்பவில்லை. தாத்தா பர்மா சண்டையில் இருந்தவர். அப்பா 1971 போரில். தம்பி அடுத்த மாதம் நாயப் சுபேதாராக ரிட்டயராகி வருகிறான். மேளதாளத்தோடு வரவேற்க ஏற்பாடு, ஃப்ளெக்ஸில் ‘வீரப் பரம்பரை’ என்று போடுகிறோம். மச்சான் ஒருவர், ‘முதல் ரெண்டு பேரும் வெள்ளைக்காரனிடம் கூலிக்குச் சண்டை போட்டவங்கதானே’ என்கிறார். பெருமைப்படுவது தப்பா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் பெருமைப்படுங்கள். கூலிக்குப் போனார்கள் என்பது உண்மைதான். அதில் என்ன கேவலம்? உங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த வருடம் வீட்டுக்கு வரும் மணியார்டர் என்னவென்று மச்சானுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரனிடம் இருந்தவர்களை ஒரே கோட்டில் நிறுத்தவும் முடியாது. மதுரையிலேயே பாருங்கள். மருதநாயகம் என்கிற கான் சாகிபு, கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களின் தளபதியாக இருந்து பூலித்தேவரை எதிர்த்தவர். அப்புறம் கம்பெனியையே எதிர்த்து, 1764 அக்டோபரில் தூக்கில் தொங்கினார். சம்மட்டிபுரத்தில் அவருக்குத் தர்கா இருக்கிறது. அவரை எந்தப் பக்கம் சேர்ப்பார் மச்சான்?

எனக்கு இடிப்பது அந்த ‘வீரப் பரம்பரை’தான். வீரம் சில சாதிகளின் ரத்தத்தில் ஓடுகிறது என்று பட்டியல் போட்டு ஆள் எடுத்தது வெள்ளைக்கார ராணுவம். அந்தப் பட்டியலில் நாம் இல்லை. 1880களில் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் அவரே தலைமைத் தளபதி. மதராஸ் காலாட்படை தேய்ந்துகொண்டே போய், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கலைக்கப்பட்டது. பாலம், பாதை போடும் பொறியியல் படையான சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. இரண்டாம் உலகப் போரில் ஆள் போதாமல் போனதும் மறுபடி நம் ஆட்களைத் தேடி வந்தார்கள். லாயக்கில்லை என்று எழுதிவைத்திருந்த காலத்தில் போய் நின்றவர்கள் உங்கள் வீட்டு ஆட்கள். நம்மை ஒதுக்கிய ஆளின் சொல்லையே நாம் ஃப்ளெக்ஸில் போட்டுக்கொள்வானேன்? போதாததற்கு, பக்கத்துத் தெருக்காரர் அதைச் சாதிப் பெருமை என்றுதான் படிப்பார்.

இன்னொன்று. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகப் பஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் கிடையாது, ரெஜிமெண்டின் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். இது பாரபட்சம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். உங்கள் தாத்தாவின் அப்பாவும் அந்த எண்ணிக்கையில் ஒருவராக இருக்கலாம்.

அதனால் ஃப்ளெக்ஸில் நாலு பேருடைய பெயர், பதவி, யூனிட், வருடம் மட்டும் போடுங்கள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் பரணில் கிடக்கும், எடுத்துப் பாருங்கள். மூத்தவரின் பெயரை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். இங்கிலீஷ்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரும் யூனிட்டும் கையில் இருந்தால் வேலை சுலபம். ஃப்ளெக்ஸ் அடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதல்லவா, இந்த வாரமே ஆரம்பியுங்கள். தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.